எல்லாருக்கும் ஓம் தானே?

அவர் ஒரு கூட்டத்தையாவது முடித்து வைத்து நான் பார்த்ததில்லை. நாங்கள்தான் களைத்து முடிந்துபோவோம்.

எங்கள் ஊர்த் தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் நிர்வாகக் குழுத் தலைவர் அவர். ஊர் என்று நான் சொல்வது ஜெர்மனியில் எர்லாங்கனிலிருந்து ரயிலில் கொஞ்ச நேரத்தில் வந்துவிடக்கூடிய ஒரு சின்ன நகரத்தை. அங்கே நகரசபையின் ஆரம்பப் பள்ளியில் இரண்டு வகுப்பறைகளைச் சனிக்கிழமைகளில் எங்களுக்கு இலவசமாக விட்டிருந்தார்கள். மாதம் ஒருமுறை, பிள்ளைகள் படித்துப் போன பிறகு, அதே அறையில் கூட்டம். பெற்றோர் எவரும் வந்து இருக்கலாம், பேசலாம். அது அவர் போட்ட விதி. ஆறு வயதுப் பிள்ளைகளுக்கென்று செய்த கதிரைகளில் நாங்கள் முழங்கால் நாடியில் முட்ட உட்கார்ந்திருப்போம். அவர் மட்டும் பலகைக்கு முன்னால் நிற்பார். தொழிற்சாலையில் நாள் முழுவதும் நின்று பழகிய மனிதர்; கால் வலி என்றால் என்னவென்றே தெரியாது.

அவருடைய கேள்வி ஒன்றுதான். எந்த விஷயமாக இருந்தாலும் இடது பக்க ஓரத்திலிருந்து தொடங்கி ஒவ்வொருவராகப் பார்த்துக் கேட்பார்: "உங்களுக்கு ஓம் தானே?" ஓம், சம்மதம் என்றால் அடுத்தவர். ஓம் வராவிட்டால் அந்த ஆளுக்கு முன்னாலேயே நிற்பார். கோபிக்க மாட்டார், குரலை உயர்த்த மாட்டார். ஒரு மெல்லிய சிரிப்போடு காத்துக்கொண்டிருப்பார். அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியாது. கோபித்தால் திருப்பிக் கோபிக்கலாம், சிரிக்கிற மனிதரை என்ன செய்வது? குழுவில் இல்லாதவர்களையும் விட மாட்டார். பின்னால் கைக்குழந்தையோடு ஒதுங்கி நிற்கும் தாயும் ஓம் சொல்லியாக வேண்டும்.

யாராவது பொறுமை இழந்து, "அண்ணை, கையைத் தூக்கச் சொல்லி எண்ணிப்போட்டு வீட்டை போவம்" என்றால், "கை வேண்டாம், வாயைத் திறவுங்கோ" என்பார். "இண்டைக்கு ஏலாட்டில் அடுத்த கிழமையும் கதைக்கலாம்." இதைவிடப் பெரிய மிரட்டலை என் வாழ்நாளில் நான் கேட்டதில்லை.

பள்ளிக்கூடத்தைப் பூட்டித் திறக்கும் ஜெர்மன்காரர் நேரமானதும் கதவருகே வந்து திறப்புக்கோர்வையைக் குலுக்குவார். அப்பாடா என்று எழுந்து வெளியே வந்தால், வாகனத் தரிப்பிடத்தில் எங்களை மறுபடியும் வட்டமாக நிறுத்திவிடுவார். தை மாதக் குளிரில் காது மடல் விறைக்க நின்றுகொண்டு, ஆண்டு இரண்டுக்கு எந்தப் பாடப் புத்தகம் என்று பேசியிருக்கிறோம். என் கணவர் காருக்குள் இருந்தபடி விளக்கைப் போட்டுப் போட்டு அணைப்பார். நான் போக முடியாது. நான் ஓம் சொல்லவில்லையே.

ஒரு பொங்கல் விழாவுக்குப் பிள்ளைகளுக்கு என்ன சிற்றுண்டி கொடுப்பது என்ற பேச்சு கார்த்திகையில் தொடங்கியது. ரோல்ஸ் என்றார்கள் பாதிப் பேர். பற்றிஸ் என்றார்கள் மீதிப் பேர். முட்டை சேர்ந்தால் தன் பிள்ளை தொடாது என்றார் ஒருவர். விழாவுக்கு முதல் நாள் வரை இழுபட்டு, கடைசியில் எல்லாரும் ஓம் சொன்னது கடலை வடைக்கு. அதைக் கேட்டவர் எவரும் இல்லை. பிள்ளைகள் ஒரு கடி கடித்துவிட்டு வைத்துவிட்டார்கள். ஒருவருக்கும் பிடிக்காத ஒன்றில்தான் எல்லாரும் ஒத்துப்போவோம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அவருக்கோ பெரிய சந்தோஷம். "பாத்தியளே, ஒருத்தரும் மனம் நோகேல்லை" என்று மிஞ்சிய வடையை எல்லாம் தானே சாப்பிட்டார்.

கூட்டத்தில் ஓம் சொல்லாதவர்களை அவர் வீட்டில் போய்ப் பார்ப்பார். சொல்லிக்கொண்டு வரமாட்டார், ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மணி அடிக்கும். மனைவி செய்த பயித்தம் பணியாரம் ஒரு டப்பாவில் கையில் இருக்கும். முதல் தடவை வந்தால் விஷயத்தைப் பற்றி மூச்சு விடமாட்டார். தேத்தண்ணி குடிப்பார், பிள்ளைகளின் படிப்பை விசாரிப்பார், போய்விடுவார். இரண்டாம் தடவையும் அப்படித்தான். வகுப்பைப் பத்து மணிக்குத் தொடங்கினால் மகனின் உதைபந்தாட்டம் கெட்டுவிடும் என்று சொன்ன ஒரு தாய் இருந்தாள். மூன்றாம் தடவை அவர் வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போதே, "ஓம் அண்ணை, பத்து மணிக்கே வையுங்கோ, எனக்கு ஓம்" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள். மகன் உதைபந்தாட்டத்தை விட்டான்.

நான் குழுச் செயலாளர் ஆனதும் இப்படித்தான். தேநீர் எடுத்துவரப் பக்கத்து அறைக்குப் போனேன். தட்டோடு திரும்பி வந்தால் எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "எல்லாருக்கும் ஓம். இனி உங்கட வாய்தான் பாக்கி, தங்கச்சி" என்றார். கையில் தட்டு, முன்னால் அத்தனை முகம், அந்தச் சிரிப்பு. முதியோர் இல்லத்தில் மாறி மாறி வேலை செய்கிறவள் நான்; சனிக்கிழமைதான் எனக்குத் தூங்கக் கிடைக்கும் நாள். ஓம் என்று சொல்லித் தொலைத்தேன். இரண்டு வருடம் கழித்து விலகப் போகிறேன் என்றபோது, "விலகலாம், ஆர் வேண்டாமெண்டது? எல்லாரும் ஓம் எண்டால் சரி" என்றார். எனக்குப் பதிலாக அந்த வேலை தன் தலையில் விழுமோ என்று பயந்த ஒருவர் ஓம் சொல்லவில்லை. கதவு திறந்துதான் கிடந்தது. ஆனாலும் நான் வெளியே போகவில்லை. போயிருந்தால் கடையில், கோயிலில், கல்யாண வீட்டில் எந்த முகத்தோடு அவரைப் பார்ப்பது?

எனக்கு அவர்மேல் உண்மையான ஆத்திரம் வந்தது ஒரே ஒரு தடவைதான். இங்கே பிறந்த பிள்ளைகளுக்குத் தமிழைத் தமிழாலேயே விளங்கப்படுத்தினால் தலையில் ஏறாது, இடைக்கிடை ஜெர்மனில் சொல்லிக்கொடுத்தால் என்ன என்று ஒரு யோசனை சொன்னேன். பல மாதம் யோசித்துச் சொன்னது. எல்லாருக்கும் ஓம், ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியரைத் தவிர. அவர் வீட்டுக்கும் பணியாரம் போனது. ஆசிரியர் அசையவில்லை. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் என் வீட்டு மணி அடித்தது. ஆசிரியரை மாற்ற முடியாது என்று தெரிந்ததும் என்னை மாற்ற வந்துவிட்டார். என் யோசனையை என் வாயாலேயே வேண்டாம் என்று சொல்ல வைத்துவிட்டுத்தான் எழுந்தார்.

வாசல் வரை போனவரை நிறுத்திக் கேட்டேன். "ஒராளுக்காக இத்தினை பேரை ஏன் அண்ணை வதைக்கிறியள்? எண்ணிப் பாத்தால் முடிஞ்சுது தானே?"

சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டே சொன்னார். "எண்ணினனாங்கள், தங்கச்சி. நீங்கள் இஞ்சை வாறதுக்கு முதல். வாணி விழாவிலை ஆர் குத்துவிளக்கு ஏத்திறது எண்டு ஒரு பிரச்சினை. கையைத் தூக்குங்கோ எண்டு சொல்லி எண்ணினது நான்தான். தோத்த ஆக்கள் எழும்பிப் போய் அடுத்த ஊரிலை வேறை பள்ளிக்கூடம் துடங்கிச்சினம். அரைவாசிப் பிள்ளையள் அங்கை, அரைவாசி இஞ்சை. ரெண்டும் ஒழுங்கா நடக்கேல்லை. அது பூட்டுப்பட்ட பிறகு அந்தப் பிள்ளையள் திரும்பி வரேல்லை." நாடாவைக் கட்டி முடித்த பிறகும் குனிந்தபடியே இருந்தார். "அங்கை போனதிலை என்ரை தமையன்ரை பிள்ளையளும். இப்ப கண்டால் ஜெர்மனிலை ஹலோ எண்டுதுகள்."

அதற்குப் பிறகு என்னால் அவரை முழுதாக வெறுக்க முடியவில்லை. முழுதாக வெறுக்க முடிந்திருந்தால் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்.

இப்படி இருக்கும்போதுதான் அறைகளுக்கு ஆபத்து வந்தது. ஆரம்பப் பள்ளியை முழுநாள் பள்ளியாக மாற்றப் போகிறார்கள்; சனிக்கிழமைகளில் வெளியாருக்கு இனி இடம் கொடுப்பதா இல்லையா என்று நகரசபையின் கல்விக் குழு முடிவு செய்ய வேண்டும். எங்களிடம் வேறு இடம் இல்லை. வாடகைக்கு மண்டபம் எடுக்க வசதியும் இல்லை. அறை போனால் பள்ளிக்கூடம் போனது. அன்ராக், அதுதான் விண்ணப்பம், எழுதிக் கொடுத்தோம். கூட்டத்துக்குச் சில நாட்கள் முன்பு, அந்தக் குழுவுக்குத் தலைமை தாங்கும் ஜெர்மன் அம்மா எனக்குத் தொலைபேசி எடுத்தார். கவலைப்படாதீர்கள், பெரும்பான்மை உங்கள் பக்கம் என்றார்.

நகரசபைக் கட்டடத்தில் பார்வையாளர் கதிரைகளில் நானும் அவரும் உட்கார்ந்திருந்தோம். பொதுமக்கள் வந்து பார்க்கலாம். ஆனால் எங்களைத் தவிர வேறு எவரும் வரவில்லை. அந்த அம்மா ஒரு விஷயத்தை வாசிப்பார், இரண்டு பேர் பேசுவார்கள், கைகள் உயரும், எதிர்ப்பவர்கள் கை உயரும், முடிந்தது, அடுத்தது. ஒரு பள்ளியின் கூரையும் இன்னொரு பள்ளியின் பஸ்ஸும் நாங்கள் மூச்சு விடுவதற்குள் முடிந்துவிட்டன. எனக்குச் சொர்க்கம் மாதிரி இருந்தது. அவருக்கு வியர்த்துவிட்டது. தோற்றவர்கள் போத்தலைத் திறந்து தண்ணீர் ஊற்றிக் குடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். "உவைக்குக் கோவம் வராதோ?" என்று என் காதுக்குள் கேட்டார்.

எங்கள் முறை வந்தது. வெள்ளை மீசைக்கார உறுப்பினர் ஒருவர் மட்டும் எதிர்த்தார். சனிக்கிழமையில் துப்புரவு யார் செய்வது, வெப்பமூட்டும் செலவு யாருடையது என்றார். மற்றவர்கள் எங்களைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். வாக்கெடுப்புக்கு முன்னால் ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று அந்த அம்மா எங்கள் தலைவரைக் கேட்டார். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார வேண்டியதுதான். அவர் எழுந்து நின்று மீசைக்காரரின் பக்கம் திரும்பினார். அந்தச் சிரிப்பு முகத்தில் வந்துவிட்டது.

தொழிற்சாலை ஜெர்மனில் நிதானமாகக் கேட்டார். நீங்களும் சம்மதிப்பதற்கு நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

மீசைக்காரர் திகைத்துப் போனார். துப்புரவுக்கு ஒரு திட்டம் தந்தால் யோசிக்கலாம் என்று இழுத்தார். அப்படியென்றால் காத்திருக்கிறோம், நீங்களும் ஆம் சொன்ன பிறகு முடிவு செய்யுங்கள் என்றார் இவர். நான் அவருடைய ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்தேன். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, விண்ணப்பத்தை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போடச் சொல்கிறீர்களா என்று கேட்டார். ஆம் என்றார். தள்ளிப்போட்டார்கள். கைக்கு வந்ததை வாங்காமல் வந்த ஆளை வாழ்க்கையில் அன்றுதான் பார்த்தேன். கட்டடத்துக்கு வெளியே வந்து கத்தினேன். 

துப்புரவுத் திட்டத்தை நான் எழுதினேன். நான் எழுதிக்கொண்டிருந்த நாட்களில் அவர் என்ன செய்தார் என்பது அடுத்த கூட்டத்தில்தான் எனக்குத் தெரிய வந்தது.

மீசைக்காரர் எழுந்து, ஒன்றைப் பதிவு செய்ய வேண்டும் என்றார். விண்ணப்பதாரர் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் என் வீட்டு வாசலுக்கு வந்தார். எப்போது வரலாம் என்று டெர்மின் எதுவும் கேட்கவில்லை. முதல் தடவை என் மனைவி தனியாக இருந்தாள். இரண்டு தடவையும் உணவுப் பொருள் அன்பளிப்பாகக் கொண்டுவந்தார். நான் வாங்கவில்லை. பொதுப் பொறுப்பில் இருப்பவன் வாங்கக் கூடாது. அவருடைய நோக்கம் என்னவென்று நான் சொல்லவில்லை. ஆனால் எனக்கு இது நெருக்குதலாக இருந்தது, என்றார்.

 எங்களைப் பார்த்துத் தலையாட்டியவர்கள் எல்லாரும் மேசையைப் பார்த்தார்கள். இவர் பாதி எழுந்து, "நைன், நைன், அது பணியாரம்…" என்று மறுக்கத் தொடங்கினார். இப்போது பேச அனுமதி இல்லை என்று அந்த அம்மா சொன்னார். அந்தக் குரலில் முன்பிருந்த கனிவு இல்லை. கைகள் உயர்ந்தன. எங்களுக்காக உயர்ந்தவை மிகக் கொஞ்சம். கூட்டம் கலைந்ததும் இவர் கையை நீட்டிக்கொண்டு மீசைக்காரரிடம் போனார். அந்த மனிதர் பின்னால் ஓரடி வைத்தார். எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிட அழுகையாக வந்தது.

காரில் வரும்போது ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். "ஒராள்தானே மிச்சம் இருந்தது, தங்கச்சி."

மறுநாள் அந்த அம்மா மறுபடியும் எனக்குத் தொலைபேசி எடுத்தார். தலைமை மாறி, வேறொருவர் வந்து புதிதாகக் கேட்டால் குழு திரும்பவும் எடுத்துப் பேசும் என்றார். அவர் இருக்கும்வரை கஷ்டம் என்றார். இதை நான்தான் எல்லாருக்கும் சொல்ல வேண்டியிருந்தது. அவருக்கும் நான்தான் சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அறைகள் எங்களுக்குத் திரும்பக் கிடைத்தன. மீசைக்காரர் அப்போதும் எதிர்த்துத்தான் கை தூக்கினார். அதனால் எதுவும் குடி முழுகிப் போகவில்லை. இப்போதைய தலைவர் எர்லாங்கனில் வேலை செய்யும் ஒரு திருநெல்வேலிப் பொறியியலாளர். கைகளை எண்ணுவார், கூட்டம் அரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும். நான் சொன்ன ஜெர்மன் விளக்கமும் வகுப்பில் வந்துவிட்டது. எல்லாம் நல்லபடியாகத்தான் நடக்கிறது.

ஆனால் அவர் நடத்திய அந்தக் கடைசிக் கூட்டம், அறைகளை விட்டுக் கொடுப்பதற்கு முன். அன்றைக்குப் பின்வரிசையில் நிற்க இடமில்லை. அந்தத் திருநெல்வேலித் தம்பிதான் எழுந்து, "சார், தப்பா எடுத்துக்காதீங்க. யாரையும் ஹர்ட் பண்ணணும்னு இல்ல. சிம்பிளா ஒரு வோட் எடுத்துடலாம், சார்" என்றார்.

"கை வேண்டாம், தம்பி" என்றார் அவர். "வழமைபோலை நானே கேக்கிறன்."

இடது பக்க ஓரத்தில் தொடங்கினார். "நான் போறது உங்களுக்கு ஓம் தானே?" உதைபந்தாட்டத் தாய் முந்தானையைத் திருகிக்கொண்டு ஓம் என்றாள். அடுத்தவர் ஓம். அதற்கடுத்தவர் தொண்டையைச் செருமிவிட்டு ஓம். திருநெல்வேலித் தம்பி, "யெஸ் சார்… சாரி சார்" என்றார். என் யோசனைக்கு அசையாத ஓய்வுபெற்ற ஆசிரியர் இதற்கு உடனே ஓம் சொன்னார். பின்வரிசை முழுவதும் ஓம். ஒருவராவது அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. செயலாளர் என்று வலது ஓரத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு முன்னால் கடைசியாக வந்து நின்றார்.

"இல்லை" என்றேன்.

எனக்கே அது புதிதாக இருந்தது. இத்தனை வருடத்தில் அவர் முகத்துக்கு நேரே நான் சொன்ன முதல் இல்லை. அவர் காத்திருந்தார். சிரிப்பு இல்லை.

"நீங்கள் செய்தது பிழை அண்ணை. பெரிய பிழை. நீங்கள் போகத்தான் வேணும், அது எனக்கும் தெரியும்" என்றேன். "ஆனா இத்தினை பேரும் ஒரே வாயா ஓம் எண்டு உங்களை அனுப்பினால் நாங்கள் ஆர்? ஒராளாவது வேண்டாமெண்டு சொல்லோணும். நான் சொல்லுறன். என்னை விட்டிட்டு முடியுங்கோ."

"உங்களை விட்டிட்டு ஏலாது" என்றார்.

 சின்னக் கதிரைகள் கிறீச்சிட்டன. ஒரு குழந்தை அழத் தொடங்கியது. தாய் அதை எடுத்துக்கொண்டு வெளியே போகலாம், ஆனால் போகவில்லை. எல்லாருடைய கண்ணும் என் மேல். அவர் பக்கத்தில் கிடந்த ஒரு கதிரையை இழுத்து என் முன்னால் உட்கார்ந்தார். அவர் அந்தக் கதிரையில் உட்கார்ந்து அன்றைக்குத்தான் பார்க்கிறேன். முழங்கால்கள் நெஞ்சு வரை வந்துவிட்டன. கைகளை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"தங்கச்சி, ஓம் எண்டு சொல்லுங்கோ" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி. "நான் வீட்டை போகோணும்."

"ஓம்" என்றேன்.

அவர் கதிரையைப் பிடித்துக்கொண்டு எழுந்து, எல்லாரையும் ஒருமுறை பார்த்து, "அப்ப எல்லாருக்கும் ஓம்" என்றார்.

எனக்கு ஓம் இல்லை. இன்றைக்கும் இல்லை.